மகன் போர்முனையில் இருக்கிறான், ஓய்வுப் பணத்தைப் போர்க் கடன்பத்திரத்தில் போடலாமா?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்துக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். அவர் யார் என்று தெரியக்கூடிய விவரங்களையும் நாட்டின் பெயரையும் எடுத்துவிட்டேன்.

அவருடைய நாடு போரில் இருக்கிறது. செலவுக்குப் பணம் திரட்ட, சாதாரண மக்களும் வாங்கும்படி சிறு தொகைக் கடன்பத்திரங்களை அரசு வெளியிட்டிருக்கிறது. 5 வருட முதிர்வு. வட்டி வங்கி டெபாசிட்டைவிடக் கொஞ்சம் அதிகம். வாசகியின் தம்பி படையில் இருக்கிறார். அப்பா 70 வயதைத் தாண்டியவர். பணி ஓய்வின்போது மொத்தமாக வந்த தொகையில் முக்கால் பங்கை இந்தப் பத்திரத்தில் போட்டே தீருவேன் என்று நிற்கிறார். "பையன் உயிரையே கொண்டுபோய் அங்க வச்சிருக்கான், நான் பணத்தைக் கட்டிக்கிட்டு அழவா?" என்பது அவர் கேள்வி. அரசாங்கம் கொடுத்த வாக்கு தவறாது, ஜெயித்தால் வட்டியோடு வந்துவிடும் என்கிறார்.

மகளுக்கு மனம் ஒப்பவில்லை. நாடு தோற்றால் எல்லாம் போய்விடுமே என்று பயப்படுகிறார். தன் பணம் குண்டாக மாறுவதிலும் அவருக்கு விருப்பமில்லை, அதனால் ஒரு பத்திரம்கூட வாங்கப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார். ஆனால் அலுவலகத்தில் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்தம் செய்ய ஒப்புதல் படிவம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள். "அப்பாவை எப்படித் தடுப்பது, அலுவலகத்தில் எப்படி மறுப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, முதலில் அப்பாவைப் பற்றி. மகனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், தன்னால் முடிந்த எதையாவது செய்யத் துடிக்கிறார். வட்டிக் கணக்கைக் காட்டி அதைத் தடுக்கப் போனால் நீங்கள் தோற்றுப்போவீர்கள், உறவும் கசக்கும். அவரைத் தடுக்க வேண்டிய அவசியம் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு போடுகிறார், எந்தப் பணத்தைப் போடுகிறார் என்பதில்தான் நீங்கள் கை வைக்க வேண்டும். அதற்கு இந்தப் பத்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது உங்கள் இருவருக்குமே தெரிந்திருக்க வேண்டும். கடிதத்தைப் படித்தால் அவரிடமும் உங்களிடமும் சில தவறான எண்ணங்கள் இருப்பது தெரிகிறது.

சிறு சேமிப்பாளரை அரசு ஏன் தேடி வருகிறது?

போருக்குப் பணம் வர மூன்று வழிதான்: வரி, கடன், புதிதாகப் பணத்தை உருவாக்குவது. வரியை ஒரு அளவுக்கு மேல் சட்டென்று ஏற்ற முடியாது. மூன்றாவது வழி விலைவாசியைக் கிளப்பிவிடும். அதனால் எல்லா நாடுகளும் கடனில்தான் போய் நிற்கின்றன.

கடனை வங்கிகளிடமே மொத்தமாக வாங்கிவிடலாமே, சம்பளக்காரரிடம் ஏன் வர வேண்டும் என்று தோன்றும். போர்க்காலத்தில் தொழிற்சாலைகள் ஆயுதம் செய்யப் போய்விடுகின்றன. வேலையும் சம்பளமும் கூடும், கடையில் பொருள் குறையும். மக்கள் கையில் இருக்கும் பணம் எல்லாம் அந்தக் கொஞ்சப் பொருளைத் துரத்தினால் விலை ஏறாமல் என்ன செய்யும்? நீங்கள் பத்திரம் வாங்கும்போது அந்த மாதம் செலவழிக்க இருந்த பணத்தைச் செலவழிக்காமல் விடுகிறீர்கள். அரசுக்கு வேண்டியது உங்கள் காசு மட்டுமில்லை, இந்தத் தள்ளிப்போடுதலும்தான். அதே பத்திரத்தை மத்திய வங்கி வாங்கினால் யாரும் எதையும் தள்ளிப்போடுவதில்லை, புதுப் பணம்தான் புழக்கத்துக்கு வருகிறது.

மக்கள் வாங்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் உதாரணம் 1914 நவம்பரில் பிரிட்டன் வெளியிட்ட முதல் போர்க் கடன். திரட்ட நினைத்தது 35 கோடி பவுண்ட். கேட்டதைவிட அதிகமாகவே மக்கள் கொட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. உண்மையில் மூன்றில் ஒரு பங்குகூடச் சேரவில்லை. மீதியை அந்நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி தன் தலைமைக் காசாளர், அவருடைய துணை அதிகாரி ஆகியோரின் சொந்தப் பெயரில் வாங்கி மறைத்துவிட்டது. வங்கியின் பழைய கணக்கேடுகளை ஆராய்ந்தவர்கள் 2017இல்தான் இதை வெளியே கொண்டுவந்தார்கள். போர் முடிவதற்குள் அங்கே விலைவாசி ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. அதற்கு இந்த ஒன்று மட்டும் காரணமில்லை, ஆனால் இப்படிப் பணத்தை உருவாக்கிச் செலவழித்ததும் ஒரு காரணம்.

1916இல் பிரிட்டன் சிறு சேமிப்பாளர் பக்கம் திரும்பியது. பதினைந்தரை ஷில்லிங் கொடுத்தால் 5 வருடம் கழித்து ஒரு பவுண்ட், அதாவது 20 ஷில்லிங், கிடைக்கும் என்று சான்றிதழ் விற்றார்கள். அமெரிக்காவில் 1918இல் பள்ளிப் பிள்ளைகள்கூட 25 சென்ட் சேமிப்பு ஸ்டாம்பு வாங்கி அட்டையில் ஒட்டினார்கள். 16 ஸ்டாம்பு ஒட்டிய அட்டையோடு சில சென்ட் சேர்த்துக் கொடுத்தால், முதிர்வில் 5 டாலர் தரும் போர்ச் சேமிப்பு ஸ்டாம்பு ஒன்று கிடைக்கும். ஆக, உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவது புது வழக்கமும் இல்லை, அரசு திவாலாகப் போகிறது என்பதற்கு அடையாளமும் இல்லை.

அரசு எதற்கு உறுதி தருகிறது?

"அரசாங்கம் ஏமாத்தாது" என்று அப்பா சொல்வது பெரும்பாலும் சரி. சொந்த நாணயத்தில் வாங்கிய கடனை, பத்திரத்தில் எழுதிய எண்ணிக்கைப்படி அரசுகள் பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுகின்றன. ஆனால் உறுதி அந்த எண்ணுக்கு மட்டும்தான். அந்தப் பணத்தில் என்ன வாங்க முடியும் என்பதற்கு யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

அமெரிக்காவின் சீரிஸ் ஈ பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். 1941 மே மாதம் விற்பனைக்கு வந்தது. 18 டாலர் 75 சென்ட் கொடுத்தால் 10 வருடத்தில் 25 டாலர், ஆண்டுக்கு 2.9 சதவீத வட்டி. அமெரிக்கா போரில் ஜெயித்தது, ஒரு சென்ட் குறையாமல் 1951இல் பணமும் வந்தது. ஆனால் அந்தப் பத்து வருடத்தில் பத்திரம் வளர்ந்தது 33 சதவீதம், விலைவாசி ஏறியது 77 சதவீதம். 1951இல் கைக்கு வந்த 25 டாலருக்கு, 1941இல் 14 டாலருக்குச் சற்று மேல் கிடைத்த அளவு பொருள்தான் கிடைத்தது. உலகத்திலேயே பணக்கார நாடு, வெற்றி பெற்ற நாடு, சொன்ன வாக்கைக் காப்பாற்றிய நாடு. அங்கேயே இப்படி.

ஜெர்மனியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1914 முதல் 1918 வரை ஆறு மாதத்துக்கு ஒன்றாக 9 போர்க் கடன்கள், மொத்தம் ஏறக்குறைய 9,800 கோடி மார்க். போருக்குப் பிந்தைய பணவீக்கம் 1923 நவம்பரில் உச்சத்துக்குப் போய், லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு புது மார்க் என்று ஆனது. 1925இல் சட்டம் போட்டு அரசுப் பத்திரங்களுக்கு 2.5 சதவீதம் அளவுக்கு மதிப்புக் கொடுத்தார்கள். கடைசிவரை பத்திரத்தை விற்காமல் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் சலுகை. வீட்டை விற்றும் நகையை விற்றும் வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் அதோடு நொடித்துப்போயின.

ஜெயித்தால் வரும், தோற்றால் போகும் என்பது

இந்த ஒரு எண்ணம் உங்களுக்கும் அப்பாவுக்கும் பொது. அவர் ஜெயிப்போம் என்று நம்புகிறார், நீங்கள் தோற்போமோ என்று பயப்படுகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் கணக்கு அப்படிப் போவதில்லை.

வென்ற பிரிட்டன் என்ன செய்தது என்று பாருங்கள். 1917இல் 5 சதவீத வட்டிக்குப் போர்க் கடன் வாங்கியது. 1932இல் நிதியமைச்சர் நெவில் சேம்பர்லின், அதை 3.5 சதவீதமாக மாற்றிக்கொள்ளும்படி மக்களிடம் தேசப்பற்றின் பேரில் கேட்டுக்கொண்டார். வேண்டாம் என்றவர்கள் அசலை வாங்கிக்கொள்ளலாம், அது விதிமுறையிலேயே இருந்தது. பெரும்பாலோர் மாற்றிக்கொண்டார்கள். புதுப் பத்திரத்தில் திருப்பித் தரும் தேதி அரசின் விருப்பம். அசல் திரும்பி வந்தது 2015 மார்ச்சில். அப்போதும் 1,20,000 பேருக்கு மேல் அதை வைத்திருந்தார்கள். அதற்குள் பவுண்டின் மதிப்பு எந்த அளவுக்குக் கரைந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவின் முதல் உலகப் போர்ப் பத்திரங்களில், தங்க நாணயத்தின் மதிப்பில் பணம் தருவோம் என்று எழுதியிருந்தது. 1933இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசு தன் வாக்கை இப்படி மீறக் கூடாது என்று 1935இல் நீதிமன்றம் சொன்னது, ஆனால் வழக்குப் போட்டவருக்கு நஷ்டம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று கையை விரித்துவிட்டது. உரிமை என்று வரும்போது இதை மனதில் வையுங்கள். வங்கி தவறினால் நீதிமன்றம் போகலாம். அரசே சட்டத்தை மாற்றிவிட்டால், சட்டப்படி உங்கள் கை மிகவும் பலவீனமானது.

மறுபக்கமும் உண்டு. உக்ரைன் 2022 பிப்ரவரி கடைசியில் தாக்கப்பட்டது. மார்ச் 1ஆம் தேதியே 1,000 ஹ்ரிவ்னியா (உக்ரைன் நாணயம்) முகமதிப்பில், அதாவது பத்திரத்தில் எழுதிய தொகையில், ஒரு வருடப் போர்ப் பத்திரங்களை 11 சதவீத வட்டிக்கு விற்றார்கள். பிறகு கைபேசிச் செயலியிலேயே வாங்கும் வசதி வந்தது. வெளிநாட்டில் கடன் கொடுத்தவர்களிடம் தவணையைத் தள்ளிவைக்கச் சொன்ன அரசு, உள்நாட்டு மக்களின் பத்திரத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் 2022 டிசம்பரில் விலைவாசி முந்தைய டிசம்பரைவிட 26.6 சதவீதம் ஏறியிருந்தது. பின்னால் வந்த பத்திரங்களுக்கு வட்டியை உயர்த்தினார்கள். முதலில் வாங்கியவருக்கு 11 சதவீதம்தான்.

பணம் அடியோடு போவது எப்போது? ஆட்சியே மாறி, வருகிறவர்கள் பழைய கடனை ஏற்க மாட்டோம் என்று சொல்லும்போது. 1918இல் ரஷ்யாவின் சோவியத் அரசு, ஜார் மன்னரின் கடன்களையும் அவருக்குப் பின் வந்த இடைக்கால அரசின் கடன்களையும் ஒரே ஆணையில் ரத்து செய்தது. இது அரிது. விலைவாசியால் பணம் தேய்வதுதான் வழக்கமாக நடப்பது, அப்பாவின் வயதில் அதைத்தான் நீங்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

பத்திரம் வாங்காவிட்டால் நான் போரிலிருந்து விலகியவளா?

இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் உங்கள் மனசாட்சியை நான் மதிக்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். உங்கள் வங்கி டெபாசிட், ஓய்வூதிய நிதி, காப்பீடு எல்லாவற்றிலும் ஒரு பகுதி ஏற்கெனவே அரசுப் பத்திரங்களில்தான் இருக்கும். நீங்கள் கட்டும் வரியும் அதே கருவூலத்துக்குப் போகிறது. போர்ப் பத்திரம் என்று பெயர் வைத்தாலும், அந்தப் பணத்தைத் தனிப் பெட்டியில் பூட்டி ஆயுதத்துக்கு மட்டும் எடுப்பதில்லை. பொதுக் கணக்கில் சேர்ந்தபின் காயம்பட்டவரின் சிகிச்சைக்கும் போகலாம், ஓய்வூதியத்துக்கும் போகலாம். உங்கள் தம்பியின் சம்பளமும் அங்கிருந்துதான் வருகிறது.

அதற்காக வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்காமல் இருப்பது உங்கள் நிலைப்பாடு. அதை வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் போரை ஏற்காதவர் அதற்குத் தன் விருப்பத்தால் ஒரு காசும் தராமல் இருப்பது நேர்மையான முடிவு. ஆனால் அது உங்கள் பணத்தைப் போரிலிருந்து முழுதாகப் பிரித்துவிடும் என்று நினைத்து, அப்பாவைக் குற்றவாளியாகப் பார்க்காதீர்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் அந்தத் தொனி இருக்கிறது.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

இரண்டு வகைப் பத்திரம் உண்டு. ஒன்று சந்தையில் விற்கக்கூடியது, அதன் விலை தினமும் மாறும். மற்றது உங்கள் பெயரில் பதிவாகி, அரசிடமே திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கக்கூடிய சேமிப்புப் பத்திரம். இந்த வேறுபாடு தெரியாமல் பலர் நொந்துபோயிருக்கிறார்கள். முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் விற்ற லிபர்டி பத்திரங்கள் சந்தை வகை. பலர் வங்கியில் கடன் வாங்கிக்கூட வாங்கினார்கள். போர் முடிந்ததும் வட்டி விகிதம் ஏறியது, குறைந்த வட்டி தரும் பழைய பத்திரத்தை முழு விலைக்கு வாங்க ஆளில்லை, 1920இல் அந்தப் பத்திரங்களின் விலை முகமதிப்பில் 90 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. முதிர்வு வரை பொறுக்க முடிந்தவர் தப்பித்தார். வேலை போய், வீட்டில் நோய் வந்து, அவசரத்துக்கு விற்றவர் நஷ்டப்பட்டார். அந்தப் பாடத்தால்தான் சீரிஸ் ஈ பத்திரத்தைச் சந்தையில் விற்க முடியாததாக, 60 நாளுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அரசிடமே கொடுத்துப் போட்ட பணத்துக்குக் குறையாமல் வாங்கிக்கொள்ளும்படி வடிவமைத்தார்கள்.

உங்கள் நாட்டின் பத்திரம் இதில் எந்த வகை என்று கடிதத்தில் இல்லை. அறிவிப்பை வாங்கிப் படியுங்கள். நடுவில் எடுக்க முடியுமா, எடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள், விலைவாசிக்கு ஏற்ப வட்டி மாறுமா, வட்டிக்கு வரி உண்டா, நாமினி பெயர் போட முடியுமா, முதிர்வுத் தேதியைத் தள்ளிவைக்கும் உரிமையை அரசு வைத்திருக்கிறதா? கடைசிக் கேள்விக்கான பதில் பொடி எழுத்தில்தான் இருக்கும், தேடிப் பிடியுங்கள். விலைவாசியோடு இணைந்த வகை ஒன்று விற்பனையில் இருந்தால், வட்டி குறைவாகத் தெரிந்தாலும் அப்பாவுக்கு அதுதான் பொருத்தம்.

வாங்குவதை வங்கி, அஞ்சலகம், அரசின் அதிகாரபூர்வத் தளம் ஆகியவற்றின் வழியாக மட்டும் செய்யுங்கள். உணர்ச்சி கொதிக்கும் நேரத்தில் போலிகள் புகுந்துவிடுவார்கள். படைவீரர் குடும்பம் என்று தெரிந்தால் இன்னும் குறிவைப்பார்கள்.

அப்பாவிடம் எவ்வளவு என்று சொல்வது?

முக்கால் பங்கு கூடவே கூடாது. அவருடைய ஓய்வூதியம், இருக்கும் வீடு, வங்கிப் பணம், உங்கள் சம்பளம், தம்பியின் சம்பளம் எல்லாமே ஏற்கெனவே அதே நாட்டை, அதே நாணயத்தை நம்பி நிற்கின்றன. சேமிப்பையும் அங்கேயே குவித்தால், நாடு தடுமாறும் நாளில் எல்லாம் ஒரே நேரத்தில் தடுமாறும்.

அப்பாவோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். மாதச் செலவு, மருந்து, மருத்துவம். இரண்டு வருடத்துக்கு எவ்வளவு தேவை? அந்தப் பணம் உடனே எடுக்கும்படி இருக்க வேண்டும், பத்திரம் பக்கமே போகக் கூடாது. தம்பி காயப்பட்டுத் திரும்பினால் ஆகக்கூடிய செலவையும் சேருங்கள். எழுதவே கஷ்டமாக இருக்கும், ஆனால் அப்பா இந்த வரியைப் பார்த்தால் மற்ற எல்லா வாதத்தையும்விட நன்றாகப் புரிந்துகொள்வார். மீதியில் விலைவாசியோடு ஓரளவு ஏறக்கூடியவற்றுக்கு ஒரு பகுதி. அதற்கும் பிறகு மிஞ்சுவதில், மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் ஏழில் ஒரு பங்கு வரை அவர் பத்திரம் வாங்கட்டும். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம், மூன்று நான்கு தவணையாக. வட்டி உயர்ந்தால் பின்னால் வாங்குவதற்கு அந்தப் பலன் கிடைக்கும்.

பத்திரம் என்பது கடன். நன்கொடை வேறு. அப்பாவுக்கு உண்மையில் கொடுக்கத்தான் ஆசை என்றால், ஒரு தொகையைக் காயமடைந்த வீரர்களுக்கான நம்பகமான நிதிக்குக் கொடுத்துவிடலாம். திரும்ப வராது என்று தெரிந்தே கொடுப்பது. இரண்டையும் கலந்து, திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை என்ற மனசோடு ஓய்வுக்காலப் பணத்தை முதலீடு செய்வதுதான் ஆபத்து.

அலுவலகப் படிவம்

சம்பளப் பிடித்தம் என்பது பழைய ஏற்பாடு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தொழிலாளர்களைச் சம்பளத்தில் 10 சதவீதம் ஒதுக்கச் சொன்னார்கள். ஆனால் சட்டப்படி அது விருப்பம்தான். பிரிட்டனில் பொருளியல் அறிஞர் கேன்ஸ், கட்டாயமாகவே ஒரு பகுதியைப் பிடித்துப் போருக்குப் பிறகு தரலாம் என்று வாதாடினார். 1941 முதல் கூடுதல் வருமான வரியின் ஒரு பகுதியை அப்படித் திருப்பித் தருவதாகச் சட்டமும் வந்தது. பலருக்கு அது கைக்கு வந்தபோது 1970கள் பிறந்துவிட்டன.

உங்கள் படிவம் விருப்பமா, கட்டாயமா என்பதை முதலில் எழுத்தில் கேளுங்கள். ஒப்புதல் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றாலே அது பெரும்பாலும் விருப்பம்தான். அப்படியானால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "குடும்பத்தில் ஏற்கெனவே முடிந்த அளவு செய்திருக்கிறோம், இப்போது பிடித்தத்தில் சேரவில்லை" என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். போரைப் பற்றிய உங்கள் கருத்தை அதில் எழுத வேண்டாம். போர்க்காலச் சட்டங்கள் பல நாடுகளில் கடுமையாக இருக்கும், பத்திரம் வாங்க வேண்டாம் என்று மற்றவரிடம் சொல்வதே குற்றமாகலாம். நீங்கள் வாங்காமல் இருப்பதும், அடுத்தவரை வாங்காதே என்பதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு.

பலகையில் பெயர் ஒட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. 1918இல் அமெரிக்காவின் பல ஊர்களில் லிபர்டி பத்திரம் வாங்காதவர்களின் வீட்டில் மஞ்சள் பெயின்ட் பூசினார்கள். மிரட்டி வாங்கவைத்தவர்கள், கையில் பணம் இல்லாதவரையும் கடன்காரராக்கினார்கள். உங்கள் அலுவலகத்தில் பெயர் ஒட்டுவதோடு நிற்காமல் பதவி உயர்வையோ வேலையையோ அதோடு முடிச்சுப் போட்டால், தேதியோடு குறித்து வைத்துக்கொண்டு உள்ளூர்த் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். நான் நிதி ஆலோசகன், அந்த இடத்தில் என் யோசனை போதாது.

அப்பாவின் பத்திரங்களுக்கு நாமினியாக உங்கள் பெயரையும் தம்பியின் பெயரையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். பதிவு எண், வாங்கிய தேதி, முதிர்வுத் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பத்திரம் இருக்கும் வீட்டில் இல்லாமல் வேறொரு இடத்தில் ஒரு பிரதி வையுங்கள். போரில் வீடு பறிபோனாலும், எண் தெரிந்தால் பதிவுப் பத்திரத்துக்கு மறுபிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம்.